மோதக அச்சில் வார்த்த ஈயம்

பாரிசில் காலை ஆறு நாற்பது. ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில், நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் வாசலில், வாழைக்காய்ப் பெட்டியொன்றை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தேன். முதலில் கண்டது என் வலது கையை. நடுவிரலும் மோதிரவிரலும் மடிந்தபடியே நின்றன. வலி இல்லை. விறைப்பும் இல்லை. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் நிமிர்ந்தன. விட்டதும் மடிந்தன.

“என்ன அண்ணை, பெட்டிக்குக் கும்பிடு போடுறியளோ?” என்று உள்ளேயிருந்து முதலாளி கேட்டார். நானும் சிரித்தேன். அடுத்த பெட்டியைத் தூக்கியபோது மணிக்கட்டும் தொங்கியது.

வீட்டில் ஈயம் உருக்குகிறவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். வேறு விதமாக எழுதத் தெரியாது.

கைக்கு முன்பே வயிறு சொல்லியிருந்தது. ஏழு வாரமாகத் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும் வலி. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிந்தது. நாக்கில் எந்நேரமும் சில்லறைக் காசை வைத்திருப்பது போல் ஒரு ருசி. குடும்ப வைத்தியர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தந்தார். கடைக்கு வருகிறவர்கள் வாய்வு என்றார்கள், ஓமத்தண்ணி குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன்.

கை தொங்கிய அன்று அவசரப் பிரிவுக்குப் போனேன். நடைபாதையில் ஒரு தள்ளுகட்டிலில் ஐந்து மணித்தியாலம் கிடந்தபின் ஓர் இளம் வைத்தியர் வந்தார். கையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு மரக்குச்சியால் என் கீழுதட்டை இறக்கிப் பார்த்து அப்படியே நின்றார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெல்லிய நீலக் கோடு. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் படமெடுத்தார். புத்தகத்தில் மட்டும் பார்த்ததாம்.

மறுநாள் முடிவு வந்தது. ப்ளோம்பெமி (இரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு) லீற்றருக்குத் தொள்ளாயிரத்துப் பத்து மைக்ரோகிராம். நோயின் பெயர் சத்துர்னிஸ்ம் (ஈயம் உடலில் சேர்வதால் வரும் நஞ்சேற்றம்). வயிற்று வலி, இரத்தச்சோகை, மணிக்கட்டுத் தொங்கல் (கையை நிமிர்த்தும் நரம்பு செயலிழத்தல்) மூன்றுக்கும் ஒரே காரணம்.

“வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?” என்று வைத்தியர் கேட்டார்.

“ஒரு மகள். நாலு வயது.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். பெரியவர்களின் உடலைவிடச் சிறுவர்களின் உடல் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும் என்றார். முதலில் தாக்குவது மூளையை. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே தாக்கும். “அவளையும் உடனே பரிசோதிக்க வேண்டும். சமூகசேவைப் பிரிவு ஒழுங்குசெய்யும்.” அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமையை மறக்கமாட்டேன்.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டும். என் பிரெஞ்சு கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. அன்றைக்கு வலியில் அதுவும் வரவில்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். தமிழ்நாட்டுத் தமிழ், களைத்த குரல்.

“சார், எந்த ஊரு நீங்க?”

“முல்லைத்தீவு.”

“வீட்ல ஈயம் வச்சு ஏதாவது பண்றீங்களான்னு கேக்கறாங்க.”

“ஓம். கடலுக்குப் போறதுக்கு ஈயக்குண்டு வார்க்கிறனாங்கள்.”

மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னார். நான் அப்போது பாத்திரத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். வைத்தியரின் பேனை நின்றது மட்டும் தெரிந்தது. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் வார்த்தது தூண்டில் குண்டு. கயிற்றை எறிய, அடியில் நிறுத்த, நூற்றிருபது கிராம் அளவில் ஈயம் வேண்டும். ஜூட் என் நண்பன். மன்னார்க்காரன். கடலோடி குடும்பம், இங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. மாதத்தில் இரண்டு தரம் நாங்கள் தியெப் கடற்கரைக்குப் போய்க் கானாங்கெளுத்தி பிடிப்போம். அங்கே அடியெல்லாம் கல். ஒரு நாளில் ஏழெட்டுக் குண்டு கல்லிடுக்கில் போய்விடும்.

“கடையிலை வாங்கிக் கல்லுக்குக் குடுக்கிறதை விட நாங்களே வார்ப்பம் அண்ணை” என்றான் ஜூட். ஒரு திருத்தவேலைத் தளத்தில் கழித்த பழைய ஈயக்குழாய் கிடைத்தது. அச்சுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, என் மனைவி நிர்மலாவின் சமையலறை லாச்சிக்குள் சின்ன மோதக அச்சு கண்ணில் பட்டது. ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேர் நாளில் அவள் வாங்கியது.

“சாமிக்குச் செய்யிற அச்சிலை உங்கட ஈயமோ? தொட்டுப் பாருங்கோ, கை இருக்காது” என்றாள் நிர்மலா.

“ஈயம் படாது அக்கா. மாதிரி எடுக்க மட்டும்தான்” என்று ஜூட் சமாதானம் சொன்னான். சொன்னபடியே செய்தான். மகளின் விளையாட்டுக் களியை அந்த அச்சில் அமுக்கி ஒரு மோதகம் எடுத்தோம். அதைச் சுற்றி மாச்சாந்து ஊற்றினோம். பள்ளிக்கூடத்தில் பாரிசுச் சாந்து என்று படித்த அதே சாந்து. இரண்டு பாதியாகக் காய்ந்ததும் களியை எடுத்துவிட்டால் உள்ளே மோதக வடிவில் பள்ளம். முதல் களி மோதகத்தை அமுக்கியது மகள் ஆரணி. கைதட்டினோம்.

ஞாயிறு பின்னேரங்களில், பாரிசின் புறநகரான ஸ்தேனில் நாலாம் மாடியில், எங்கள் சமையலறையில் வார்த்தோம். மேல்வீட்டுக்காரி மணக்கிறது என்று முறையிட்டதால் யன்னலைச் சாத்தினோம். சட்டியில் மிதக்கும் சாம்பல்நிற ஆடையைக் கரண்டியால் வழித்துப் பழைய பத்திரிகையில் தட்டினோம். கையைத் துடைத்தது சமையலறைத் துவாயில். அந்த ஆடை காய்ந்ததும் தூளாகும். தூள் நிலத்தில் படியும். இது எதையும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. மடிப்பு மடிப்பாக, நுனியில் கம்பி வளையத்தோடு, பளபளவென்று வந்த குண்டுகளை மட்டும் பார்த்தோம்.

வைத்தியசாலையில் ஐந்து நாள் நாளம் வழியே மருந்து ஏற்றினார்கள். கெலாசியோன் (உலோகத்தைப் பற்றிப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் சிகிச்சை) என்பது அதன் பெயர். ஆறாம் நாளில் வயிறு அடங்கியது. பிறகு விழுங்கும் குளிசைக்கு மாற்றினார்கள். அழுகிய முட்டை நாற்றம் அதற்கு. என் வியர்வையும் அப்படியே நாறியது. ஒவ்வொரு நாளும் ஒன்றையே கேட்டேன். மகளுக்கு எப்போது இரத்தம் எடுப்பீர்கள்? ஒவ்வொரு நாளும் ஒரே பதில். “சமூகசேவைப் பிரிவில் கோப்பு இருக்கிறது.”

ஒன்பதாம் நாள் நிர்மலா வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

“பொலிஸ் வந்தது. மூண்டு பேர். காலமை ஆறேகாலுக்கு. நான் ஆரணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நிண்டனான். பல் எங்கை, பல் எங்கை எண்டு கேக்கினம். உங்கட பல்லைத்தானே ஆசுப்பத்திரியிலை படமெடுத்தவை, அதுக்குத்தான் வந்திருக்கினம் எண்டு நினைச்சன். அவரோடைதான் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.”

பல் என்பது பிரெஞ்சில் துப்பாக்கிச் சன்னம்.

“எல்லாம் அவரிட்டை எண்டு நான் சொல்ல, அவை ஆளை ஆள் பாக்கினம்” என்றாள். சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

பிறகு கண்டுபிடித்தார்கள். சிங்குக்குக் கீழே பெட்டியில் பதினாலு குண்டு. அவர்களில் உயரமானவர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, “இது கடலுக்கு” என்றாராம். அவரும் தூண்டில் போடுகிறவர். எந்தக் கடற்கரை என்றுகூடக் கேட்டிருக்கிறார். விடயம் அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஆனாலும் வந்த வேலை வந்த வேலைதான். குண்டுகளையும் சாந்து அச்சுகளையும் பையில் போட்டார்கள். லாச்சியைத் திறந்து மோதக அச்சையும் எடுத்துப் போட்டார்கள்.

ஈயம் ஒருபோதும் படாத பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஈயம் உருக்கிய சட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். கரண்டி, துவாய், நிலம் எதையும் யாரும் பார்க்கவில்லை. என் மகள் வெறுங்காலோடு அந்த நிலத்தில் நின்று அவர்களுக்குக் கைகாட்டியிருக்கிறாள். அவர்கள் துப்பாக்கியைத் தேடி வந்தவர்கள். அவளைக் கொல்லக்கூடியது தூசி. நிர்மலா வீடு கலைந்துபோனதே என்று அன்றைக்கு இரண்டு தரம் கூட்டியிருக்கிறாள். உலர்ந்த தும்புத்தடியால்.

கோப்பின் நகலை நான் கேட்டு வாங்கினேன். அதைப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. நீங்களும் கேளுங்கள். முதற்பக்கத்தில் இருந்தது: “இலங்கையின் போர்ப் பகுதியைச் சேர்ந்தவர். வீட்டில், பிறருடன் சேர்ந்து, ஈயச் சன்னங்கள் தயாரிப்பதாகக் கூறுகிறார்.”

உதவி ஆசிரியரின் கண்ணால் அந்த வரியைப் படித்தேன். ‘கடலுக்குப் போறதுக்கு’ என்று நான் சொன்னது விடுபட்டிருந்தது. முல்லைத்தீவு என்ற ஊர்ப்பெயர், நான் சொல்லாத போர்ப் பகுதியாக ஆகியிருந்தது. ‘வார்க்கிறனாங்கள்’ என்ற பன்மை ‘பிறருடன் சேர்ந்து’ என்று ஆகியிருந்தது. குண்டு சன்னமாகியிருந்தது. ஒரு வரியில் நான்கு பிழை. எங்கள் பத்திரிகை மேசையில் இதற்கு வேலை போயிருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் வெறுமனே ‘ப்ளோம்’ என்று சொல்லியிருக்கலாம். பிரெஞ்சில் ஈயத்துக்கும் அதுதான் சொல், தூண்டிலில் கட்டும் குண்டுக்கும் அதுதான் சொல். அல்லது என்னிடம் “என்ன குண்டு?” என்று கேட்டிருக்கலாம். இரண்டு சொல் கேள்வி. வைத்தியர் கேட்டிருக்கலாம். சமூகசேவை அலுவலர் என் கட்டிலுக்கு வந்து கேட்டிருக்கலாம். குண்டு என்ற சொல்லும் முல்லைத்தீவு என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

ஜூட் ஒருநாள் வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

“அண்ணை, என்ரை பேர் சொன்னனீங்களோ?”

“இல்லை. ‘நாங்கள்’ எண்டு மட்டும் சொன்னனான்.”

“நாங்கள் எண்டால் நான்தானே அண்ணை. எனக்கு இன்னும் விசா காட் வரேல்லை.” வாசலடிக்குப் போய்த் திரும்பினான். “பிள்ளைக்குச் சோதிச்சாச்சோ?”

சோதிக்கவில்லை. அதற்குள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. இரத்தப் பரிசோதனைக் கடிதமல்ல. ஆபத்திலுள்ள பிள்ளை பற்றி விசாரிக்க வரச்சொல்லும் கடிதம். ஆபத்து என்று அவர்கள் எழுதியது ஆயுதத்தை. ஈயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சமூகசேவைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பொலிஸின் முடிவு வரும்வரை கோப்பில் எதுவும் நகராது என்றார்கள். இரத்தம் எடுக்கப் பொலிஸ் எதற்கு என்று கேட்டேன். எல்லாம் ஒரே கோப்பில்தான் இருக்கிறது என்றார்கள்.

முப்பத்துமூன்றாம் நாள் நிர்மலாவுக்குப் பொறுமை போனது. யாரையும் கேட்காமல் ஆரணியைத் தூக்கிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனாள். எனக்கு அமில மாத்திரை தந்த அதே வைத்தியர். அவர் ஓர் ஒர்தொனான்ஸில் (மருந்துச் சீட்டு) ஒரே சொல் எழுதினார்: ப்ளோம்பெமி. தெருவின் மறுபக்கத்து ஆய்வுகூடத்தில் அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள்.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எந்த வைத்தியரும் எழுதித் தரலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். இதை வாசிக்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. என் பிள்ளையின் முப்பத்துமூன்று நாள் இதில் போயிருக்கிறது.

சீட்டு எழுதுமுன் வைத்தியர் ஆரணியைப் பார்த்து, அப்பாவின் குண்டுகளை வாயில் வைத்தாயா என்று கேட்டிருக்கிறார். அவள் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள். அதை நிர்மலா, இன்னும் வைத்தியசாலையில் இருந்த எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“அது மோதகமாம். நீங்கள் கடலாலை வந்து பெட்டியைக் கதவடியிலை வைக்கேக்கை எடுத்து நக்கினவளாம். உப்பு மோதகமாம். ஒவ்வொரு முறையும் நக்கினவளாம்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கோபத்தில் என் பங்கையும் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத்தான் மாற்றினார். நான் நஞ்சுக்குப் பலகாரத்தின் வடிவம் கொடுத்தேன். அதைப் பிடிக்கவும் அவளுக்கே கற்றுக்கொடுத்தேன். ஆரணி பிழையாக எதுவும் செய்யவில்லை. மோதகம் என்றால் வாயில் வைப்பது. ஆனாலும் அவர்கள் செய்ததை என் பிழை சிறிதாக்கிவிடாது. என் பிழை தெரியாமல் நடந்தது. அவர்களுடைய மேசையில் நோயின் பெயர், பிள்ளையின் வயது, ‘உடனே’ என்ற சொல் மூன்றும் எழுத்தில் இருந்தன.

ஆரணியின் அளவு லீற்றருக்கு நூற்றுப்பதினெட்டு. பிரான்சில் ஐம்பதிலிருந்து பிள்ளைகளுக்கு அது நோய். இந்த அளவுக்குக் கெலாசியோன் கொடுப்பதில்லை. ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் சிகிச்சை, கூடவே இரும்புச்சத்தும் கல்சியமும். முடிவு வந்தபின்தான் தூசி அளக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர். முழங்காலில் நின்று நிலத்தைத் துடைத்து மாதிரி எடுத்தார். கூட்டக் கூடாது, ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், துணியை எறிந்துவிட வேண்டும், ஈயம் உருக்கிய உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு தோய்க்கக் கூடாது என்றார். சட்டியைப் பார்த்து, “இதை ஏன் யாரும் எடுக்கவில்லை?” என்று கேட்டார்.

நிர்மலா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. குற்றம் சொல்லமுடியாது.

வீடு திரும்பி மூன்று மாதத்துக்குப் பின் சமூகசேவை அலுவலரைச் சந்தித்தேன். பொலிஸ் விடயத்தை மூடிவிட்டது என்றார். மொழியில் வந்த சிறு விலகல் என்றார்.

“கோப்பில் அந்த வரி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“எழுதியதை அழிக்க முடியாது. ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறோம்.”

“எத்தனையாம் பக்கத்தில்?”

அவர் புரட்டினார். நேரமெடுத்தது. “பதினேழு.”

“பிழை முதலாம் பக்கத்தில் இருக்கிறது” என்றேன். “நான் வேலை செய்த பத்திரிகையில், பிழை வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரும். யுத்த காலத்திலும் அப்படித்தான் போட்டோம்.”

பத்திரிகைக்கும் வைத்தியசாலைக்கும் நடைமுறை வேறு என்றார் அவர். குரலில் கோபமில்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. முப்பத்துமூன்று நாள் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பரிசோதனை நடந்துவிட்டதுதானே என்றார்.

என் கை இப்போது முக்கால்வாசி நிமிர்கிறது. கிழமையில் இரண்டு நாள் ஒரு மேசையில் கையை வைத்து ரப்பர் வளையங்களை விரிக்கிறேன். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வளருமாம். முழங்கையிலிருந்து விரல் வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து பார்த்தேன். பெட்டி தூக்குவதில்லை. நிறுக்கிறேன், விலை ஒட்டுகிறேன்.

இரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும் என்று வைத்தியர் விளக்கினார். அது எங்கும் போய்விடுவதில்லை, பெரும்பகுதி எலும்புக்குள் போகிறது. கல்சியம் என்று நினைத்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே இருபது, முப்பது ஆண்டு இருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது மறுபடி இரத்தத்துக்கு வரும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதுவரை உடம்பு என்பது இன்றைக்கு நோகிறதா இல்லையா என்ற கேள்வி மட்டும்தான். இப்போது தாடையைத் தடவும்போதும் முழங்காலை மடிக்கும்போதும், உள்ளே தேதி போட்டு வைத்த ஏதோவொன்றின் மேல் கை படுவது போலிருக்கிறது.

ஆரணி இப்போது வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எதையாவது மறந்தால் மற்றப் பெற்றோர் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். பெயரை எழுதும்போது ஓர் எழுத்தை இடம் வலம் மாற்றிப் போடுகிறாள். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறார் ஆசிரியை. உண்மையாக இருக்கலாம். எங்களுக்கு அதை அறிய வழியில்லை.

ஐம்பதுக்குக் கீழே இறங்கும்வரை அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். முதலாவது நூற்றுப்பதினெட்டு. இரண்டாவது எண்பத்துமூன்று. மூன்றாவது அறுபத்தாறு. சென்ற செவ்வாய்க்கிழமை நான்காவது. ஐம்பத்தேழு.